நிலா ராத்திரிப் புட்டிகள்

— பூச்சி எண்ணுறதை நிறுத்துக்கா. நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. பன்னெண்டு, பதிமூணு. கையில ஊசி இருக்கு, மேசையை ஆட்டாத. தேதி தப்புன்னு சொன்ன. எந்தத் தேதி?

— எல்லாத் தேதியும். ஆறு மாசத்துல இருபத்திநாலு புட்டி ஆத்துப் பூச்சி கொண்டாந்தேன். எல்லாத்துலயும் நிலா இல்லாத ராத்திரின்னு சீட்டு ஒட்டினேன். ஒண்ணுகூட அப்படி இல்ல. அத்தனையும் நிலா காயுற ராத்திரியில பிடிச்சது.

— முதல்ல கதவைச் சாத்து. வாட்ச்மேனுக்குக் காது நீளம்.

— சாத்தியாச்சு.

— சுவத்துல ஆபீசரம்மா கொட்டை எழுத்துல ஒட்டியிருக்காங்களே. பூச்சி புடிக்கிற விளக்குப்பொறியை இருட்டு ராத்திரியில மட்டும்தான் வைக்கணும், மாசத்துக்கு நாலு தடவைன்னு. அதைக்கூடவா படிக்கல?

— படிச்சேன். இருட்டுனா எதிர்ல நிக்குற ஆளே தெரியலைக்கா. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு போயிடுது. மூணு வருஷமா இப்படித்தான்.

— உன்னைப் போய் ஆந்தைன்னு பேரு வச்சு கூப்பிடுறாங்க இந்த ஆபீஸ்ல.

— கூப்பிடட்டும். ராத்திரி வேலைக்காரனுக்கு ராத்திரியில கண்ணு தெரியாதுன்னா வச்சுப்பாங்களா? ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்கு. ஆத்துக்கு இறங்குற வழி பூரா வழுக்குப் பாறை. ஒரு தோள்ல பேட்டரி, ஒரு தோள்ல விளக்கு. ரெண்டு தடவை விழுந்தேன், இந்தா பாரு முட்டியை. அப்புறம்தான் நிலா நல்லா அடிக்கிற நாளாப் பார்த்துப் போக ஆரம்பிச்சேன். பாறை வெள்ளையாத் தெரியும், நடந்துடலாம்.

— டார்ச்சு எதுக்கு இருக்கு?

— டார்ச்சு அடிச்சா அந்த வட்டம் மட்டும்தான் தெரியுது. வட்டத்துக்கு வெளிய கிணத்துக்குள்ள பார்த்த மாதிரி இருட்டு.

— இருபத்தி ஒண்ணு. பூச்சிக்கும் அதே நிலாதானேடா.

— அதான் வினை. இருட்டுல நம்ம விளக்கு ஒண்ணுதான் வெளிச்சம், ஆத்துலேருந்து கிளம்புறதெல்லாம் வந்து மொய்க்கும். வானமே வெளிச்சமாக் கிடந்தா நம்ம விளக்கை எது சீண்டும்? போன வருஷம் பழைய ஆளு இருட்டுல வச்சான், புட்டிக்கு ஆயிரம் விழுந்துச்சு. நான் நிலாவுல வச்சேன், எண்பது. அந்த எண்பதைப் பார்த்துத்தான் காகித மில்லுத் தண்ணி ஆத்தைக் கொன்னுடுச்சுன்னு எழுதுனாங்க. மில்லுக்குப் பூட்டு. நானூறு பேரு தெருவுல. அதுல ஒருத்தர் என் மாமா.

— உனக்கு மாமா. எனக்குப் புருஷன். யாருக்குச் சொல்ற?

— தினமும் காலைல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு மில்லு கேட்டுக்குப் போய் பூட்டைப் பார்த்துட்டு வர்றாரு. அது தெரியுமா உனக்கு?

— டிபன் கட்டிக் குடுக்குறதே நான்தான். முப்பத்தி எட்டு. மில்லுலேருந்து நுரை வந்துச்சே, அதை நானும் பார்த்தேன்.

— வந்துச்சு. நுரை வந்தும் பூச்சி சாகல.

— பூட்டி மூணு மாசம் ஆகுது. இப்பதான் தண்ணி தெளிஞ்சு உயிர் வந்திருக்கும்.

— நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கப் பார்த்தேன். பூட்டின பிறகும் நிலாவுல அதே எண்பதுதான். இப்ப நீ எண்ணுறது போன பௌர்ணமிப் புட்டி, எண்பதுக்குப் பக்கத்துல வந்து நிக்கும் பாரு. நேத்து இருட்டுல வச்சேன், புட்டி கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. பதினஞ்சு நாள்ல ஆறு மாறிடுமா?

— இருட்டுல நீ எப்படிப் போன?

— மாமாதான் கூட்டிட்டுப் போனாரு. கண்ணு மங்கலா இருக்கு, ஒரு நாளு துணைக்கு வாங்கன்னேன். பேட்டரியை அவரே தூக்கிக்கிட்டாரு. குழந்தையைக் கூட்டிட்டுப் போற மாதிரி கையைப் புடிச்சு, இங்க கல்லு, இங்க பள்ளம்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. எதுக்குடா, என்னடான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவரு சோத்துல மண்ணைப் போட்ட கை இது, அக்கா. அதைத்தான் புடிச்சிருந்தாரு. வீட்டுக்கு வந்து கண்ணை மூட முடியல.

— அவரு தூங்குனாரு. படுத்த உடனே.

— எப்படிக்கா உன்னால எண்ணிக்கிட்டே இருக்க முடியுது? திட்டு. ரெண்டு அறை விடு.

— அறைஞ்சா? அம்பத்தி நாலு. ஆபீசரம்மா நாளைக்குக் கையெழுத்துப் போடுறாங்க, மில்லு இனிமே திறக்காது. அதுக்குள்ள போய்ச் சொல்லப் போற, அதானே?

— சொல்லிடுறேன். வேலை போனா மூட்டை தூக்குறேன், பகல்ல கண்ணு தெரியுதே. ஆனா வெறும் பேச்சை எவன் நம்புவான்? மில்லுக்காரன் காசு குடுத்துட்டான்னுதான் சொல்லுவாங்க. நேத்துப் பிடிச்ச புட்டியை நீட்டுனாதான் வாயடைப்பாங்க. அதை எண்ணி எழுதிக் குடு. விடியக்காலைல உன் மேசையில வச்சேனே, சிவப்பு மூடி.

— பார்த்தேன்.

— எத்தனை இருக்கு?

— எண்ணல. எண்ணித்தான் தெரியணும்னு இல்ல. முதல் மாசமே எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ ஆத்துக்குப் போற ராத்திரியெல்லாம் உன் பொண்டாட்டி புள்ளைங்களோட எங்க வீட்டு மொட்டை மாடியில வந்து படுப்பா. தலைக்கு மேல அவ்வளவு பெரிய நிலா. நீ கொண்டாந்து குடுத்த சீட்டுல இருட்டு ராத்திரித் தேதி. எனக்கு எண்ணத் தெரியாதா?

— தெரிஞ்சும் ஏன்க்கா சும்மா இருந்த?

— பதினேழு வருஷம் அந்த மில்லுல காகிதக் கூழை வெளுக்குற தொட்டி மேல, மருந்துப் புகையில நின்ன மனுஷன்டா. ராத்திரி இருமி இருமி அவரு ரத்தம் துப்புன கிண்ணத்தை நான்தான் கழுவுனேன். மூணு மாசமா அந்தக் கிண்ணம் காய்ஞ்சு கிடக்கு.

— அக்கா, அந்தச் சிவப்பு மூடிப் புட்டி எங்க?

— எழுபத்தி ஒம்பது. எண்பது. நேத்துத் தேதிச் சீட்டை இந்தப் பௌர்ணமிப் புட்டியில ஒட்டிட்டேன். உன் புட்டி அந்தா, ஜன்னல்ல காயுது. காலைலயே கழுவிக் கவுத்துட்டேன்.