பிடித்துத் தைத்த வீடு

உள்ளே வரும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள், பழகிவிடும். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் என் கால்கள் இரண்டையும் வெளியே வைக்க வேண்டிவரும்.

வெளியே அளந்தால் வீடு, உள்ளே அளந்தால் அலமாரி, இது எப்படி என்று உங்கள் நகராட்சி ஆபீசில் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. நான் தையற்காரன். சட்டை தொளதொளவென்று இருந்தால் யாரும் அதை வெளியே வெட்டமாட்டார்கள். உள்பக்கமாகக் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிட்டால் போட்டிருப்பவனுக்கே தெரியாது. அதைத்தான் இந்த வீட்டுக்கும் செய்தேன்.

கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, ஹாலில் நான் உட்காரும் இடமெல்லாம் வேறு யாருக்காவது தேவைப்படும் இடமாகவே இருந்தது. ஒருநாள் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ஏதோ முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"அப்பா, பின்னாடி காலி இடத்துல உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு அவுட்ஹவுஸ் கட்டிடலாம். அமைதியா இருக்கும்."

நல்ல யோசனை என்றேன். இந்த வயதில் சின்ன வீடு கேட்கிறதா என்று எதிர்வீட்டுக்காரர் என் மனைவியிடம் சிரித்திருக்கிறார். "கட்டட்டும், அங்கயும் பாத்திரம் கழுவப்போறது நான்தானே" என்றாளாம்.

பிளான் போட வந்தவர்தான் விதியைச் சொன்னார். பின்னால் கட்டுவது முன்வீட்டைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அளப்பது உள்ளளவு, சுவருக்குச் சுவர். பின்னால் இருப்பது பெரிதாகப் போய்விட்டால் அதுதான் வீடு, முன்னால் இருப்பது அவுட்ஹவுஸ். அவர் எச்சரிக்கையாகச் சொன்னார். எனக்கோ யாரோ துணியை எடுத்துவந்து கையில் கொடுத்தது போல் இருந்தது. எது வீடோ அதில் இருப்பவன் வீட்டுக்காரன். மற்றதில் இருப்பவன் ஒண்டுக்குடித்தனம். அவ்வளவுதானே உலகம்?

விதி எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவையும் வளைத்துப் பின்வீட்டை எழுப்பினோம். கொத்தனார் தினமும் சாந்து குழைப்பார். தினமும் ஒரு சட்டி மிஞ்சும். மிஞ்சும்படி குழைக்கச் சொன்னது நான்தான். காய்ந்துவிட்டால் வீண் அல்லவா? கொண்டுவந்து முன்வீட்டின் உள்சுவரில் ஒரு கை பூசிவிடுவோம். பழைய சுவர், கொஞ்சம் உதிர்கிறது என்று மருமகளிடம் சொல்லிவைத்திருந்தேன். "நீங்க எப்பவுமே சும்மா இருக்கமாட்டீங்க மாமா" என்று பாராட்டினாள்.

அறை சின்னதாவதை ஜனங்கள் கவனிப்பதில்லை. கட்டிலில் இடித்துக்கொள்வார்கள், பிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறதே என்பார்கள், பிறகு பாதியிலேயே கையை விட்டு எடுக்கப் பழகிவிடுவார்கள். ஆனால் ஒருநாள் பையன் ஹால் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். இரண்டு பக்கமும் சுவர் தட்டியது. அப்படியே யோசித்தான். அந்த யோசனையை வளரவிட்டிருந்தால் ஆபத்து.

அன்று மத்தியானம் மிஷினைத் தூசி தட்டி, அவன் சட்டைகள் எல்லாவற்றையும் கொஞ்சம் உள்ளே பிடித்தேன். மருமகளின் ஜாக்கெட்டுகளையும்தான். வீட்டில் பாரபட்சம் கூடாது.

மறுநாள் பையன் கண்ணாடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வீடு சரியாத்தான் இருக்குப்பா. நான்தான் ஊதிட்டேன்" என்றான். எனக்கே பாவமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விட்டுப்பார் என்று ஆறுதல் சொன்னேன்.

இருவரும் விட்டார்கள். இளைத்தார்கள். இளைத்த அளவுக்கு நானும் துணியைப் பிடித்தேன், கொத்தனாரும் சுவரைப் பூசினார். பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டார்கள். டாக்டர் பையனின் விலா எலும்பைத் தொட்டுத் தொட்டு, ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். சட்டை பொய் சொல்லுமா என்று இவன் அவரையே கேட்டுவிட்டு வந்தான். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் கதவைத் திறக்காமலே அறைக்குள் போய்வருகிற மாதிரி ஆகிவிட்டார்கள். சத்தமாகத் தும்மினால் திரைச்சீலையோடு அவர்களும் ஆடுவார்கள். தேவைக்கு மேல் சில பூச்சுகள் போனது உண்மைதான். கை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த முடியாது, எந்தத் தொழிலாளியையும் கேட்டுப்பாருங்கள்.

பின்வீடு கட்டி முடிந்ததும் உங்கள் ஆபீஸ்காரர் டேப்போடு வந்தார். பின்னால் அளந்தார், முன்னால் அளந்தார், தலையைச் சொறிந்தார். பின்னால் இருப்பதுதான் வீடு, இது அவுட்ஹவுஸ் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்கத்தானே இவ்வளவு பாடும். நான் மகிழ்ச்சியை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பையனும் காட்டிக்கொள்ளவில்லை. "அப்ப சரிப்பா. பேசினபடிதான். வீட்டுல நாங்க, அவுட்ஹவுஸ்ல நீங்க" என்றான்.

காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் குடிபோய்விட்டார்கள். என் மனைவியும் தலையணையை எடுத்துக்கொண்டாள்.

"பக்கவாட்டுல நடக்க எனக்கு வராதுங்க. அப்புறம் ஒண்ணு, சட்டைய நீங்க பிடிக்கறத நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால் இங்கே நான் மட்டும். கையை நீட்டினால் நாலு சுவரும் கிடைக்கும், வசதிதான். யார் மேலும் வருத்தமில்லை. பூசியதும் நான், பிடித்ததும் நான், பட்டினி போட்டதும் ஒரு வகையில் நான். இனி இந்த வேலையே வேண்டாம் என்று சாந்து பூசுகிற கரணையைக் கழுவிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

நேற்று மருமகள் ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்களாம். புதுவீட்டு ஹால் சுவரில் முடி அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருக்கிறது என்றும் சொன்னாள். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள்.

அதனால்தான் கேட்கிறேன், உங்கள் கேள்வியெல்லாம் முடிந்துவிட்டதா? கொஞ்சம் எழுந்தீர்களானால் கட்டிலுக்கு அடியில் கை விட்டுவிடுவேன். ஒரே ஒரு விரிசல், ஒரு கை பூசினால் போதும். சாந்து குழைத்துவிட்டேன், காய்ந்தால் வீண்.