காலால் தள்ளிய அட்டைப்பெட்டி

போன சித்திரை மாதம், இதே திண்டிவனத்தில், இதே கல்யாண மண்டபத்தில், இதே மேடையில் நின்று, குற்றம் எதுவும் செய்யாத ஒரு பெண்மணியை நான் திருடி என்று சொன்னேன். அவர் பெயர் காந்திமதி. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கட்டட வேலைக்குப் போகிறவர். அவர் எதையும் எடுக்கவில்லை. எடுத்தவன் நான்.

இதைச் சொன்ன பிறகுதான் இந்த வாய் வணக்கம் சொல்லலாம். ஏன் இப்படித் தலைகீழாகத் தொடங்குகிறான் என்று யோசிக்கிறீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர், நான் கடை போட்ட முதல் நாளில் எனக்காக ஜாமீன் நின்ற பெரியவர் வெங்கடாசலம் அவர்களே! மேடைக்கு அணிசெய்யும் சான்றோர்களே! நாற்காலி கிடைத்த பெருமக்களே, கிடைக்காமல் தூணைத் தாங்கிக்கொண்டு நிற்கும் நல்லவர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமிதத்தை முகத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கேபிள் வழியாக வீட்டிலிருந்தே பார்க்கும் அன்பர்களே! என்னிடம் சரக்கெடுத்து, எடுத்து, என்னை ஆளாக்கிவிட்ட சில்லறை வியாபாரிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தேவநாதனின் தலை தாழ்ந்த வணக்கம்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் காந்திமதி அம்மாவுக்கு இன்னும் வணக்கம் சொல்லவில்லை. மறக்கவில்லை. அதை வாங்கிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

நான் யார்? மயிலம் பங்குனி உத்திரத்தில் தோளில் கம்பு வைத்து பலூன் விற்றவன். பலூனிலிருந்து பந்து, பந்திலிருந்து பொம்மை, பொம்மையிலிருந்து மொத்தக் கடை. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் குழந்தையின் கையில் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டை இருந்தாலும் அது என் கிடங்கைத் தாண்டி வந்திருக்கும். காற்றை விற்றுக் காசு பார்த்தவனய்யா நான்! எனக்கு எடைபோடச் சொல்லியா தர வேண்டும்?

ஒரு நாள் செல்போனில் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். வண்ணக் கட்டைகளை மலையாகக் குவித்திருக்கிறார்கள். இரண்டு இரண்டு பேராக நிற்கிறார்கள். மணி அடிக்கிறது. கட்டுகிறார்கள்! கோட்டை கட்டுகிறார்கள், கப்பல் கட்டுகிறார்கள், பாலம் கட்டி அதன் மேல் பாரம் ஏற்றுகிறார்கள். இங்கிலாந்தில் பிறந்த போட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போனது, ஜெர்மனிக்குப் போனது, அமெரிக்காவுக்குப் போனது. போன ஊரெல்லாம் அந்த ஊர் ஆளாகிவிட்டது! அங்கங்கே அந்தந்த நாட்டு நகைச்சுவை, அந்தந்த நாட்டு நடுவர், அந்தந்த நாட்டுக் கண்ணீர். கடலைத் தாண்டி வந்த கட்டை திண்டிவனம் கடைவீதியைத் தாண்டாதா என்று கேட்டேன். தாண்டவைத்தேன்.

அவர்கள் கோபுரத்தை ஆட்டிப் பார்க்க நடுங்கும் மேசை வைத்திருந்தார்கள். நான் மல்லாட்டை மண்டியிலிருந்து வேர்க்கடலை சலிக்கும் சல்லடை மெஷினை வாடகைக்கு எடுத்து, மேலே பலகை அடித்தேன். சிரிக்காதீர்கள், ஜெர்மனிக்காரன் பார்த்தால் கேட்டு வாங்கிப் போவான்! எல்லா நாட்டுக்காரனும் போட்டியில் தன்னுடையதை ஒன்று சேர்த்தான். நானும் ஒன்று சேர்த்தேன். நான் சேர்த்தது தராசு.

ஜோடிக்கு ஒரு பெட்டி, உள்ளே இருக்கும் கட்டை முழுவதையும் கட்டிவிட வேண்டும். மேலே நான்கு கிலோ என்று எழுதியிருக்கும். சல்லடையில் ஒரு நிமிடம் ஆட்டிய பிறகு எது நிற்கிறதோ, அதைத் தராசில் வைப்போம். நான்கு கிலோவுக்கு மேலே போனால் வெளிக்கட்டை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள், வெளியேற்றம். கூடினால் என்ன செய்வது என்று யோசித்தேன். குறைந்தால்? அந்த யோசனையே எனக்கு வரவில்லை. வியாபாரிக்கு வருமா?

இருபத்திரண்டு ஜோடி. ஒரு ஜோடி செஞ்சிக் கோட்டை கட்டியது. ஒரு ஜோடி பனமலைக் கோயில் கட்டியது. காந்திமதி அம்மாவும் அவருடைய நாத்தனார் மலர்விழியும் என்ன கட்டினார்கள் தெரியுமா? தண்ணீர்த் தொட்டி! நான்கு கால் வைத்த, ஊருக்கு ஊர் நிற்கிற மேல்நிலைத் தொட்டி! நான் மைக்கில் கேட்டேன்: "ஏம்மா, கோயில் கொளம்னு கட்டாம இன்னாம்மா இது?" மலர்விழி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்: "கோயில் கட்டுனவங்க பேரு கல்லுல இருக்குது. தொட்டி கட்டுன எங்க பேரு எங்க இருக்குது? இங்கயாச்சும் இருக்கட்டும்." மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

சல்லடை ஓடியது. செஞ்சி சரிந்தது! பனமலை படுத்தது! பொறியாளர் ஆனந்தராஜும் அவர் மனைவியும் கட்டிய பாலம் நாற்பதாவது நொடியில் இரண்டாகப் பிளந்தது. தொட்டி மட்டும் தலையாட்டிக்கொண்டு நின்றது. ஏன் நின்றது? கீழ்வரிசைக் கட்டையின் மூட்டு மேல்வரிசைக் கட்டையின் நடுவில் வரும்படி ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி வைத்திருந்தார் காந்திமதி. இருபது வருடம் செங்கல் சுமந்தவர். மேஸ்திரி டீ குடிக்கப் போகிற நேரத்தில் நான்கு வரிசை தானே வைத்துப் பழகியவர். அறுபது நொடி முடிந்தது. ஒரு கட்டை உதிரவில்லை.

தராசில் வைத்தோம். சிவப்பு எழுத்தில் எண் வந்தது. மூன்று கிலோ எண்ணூற்று இருபது.

நூற்று எண்பது கிராம் குறைவு.

அன்பர்களே, அந்த எண்ணைப் பார்த்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அது என் அட்டைப்பெட்டியின் எடை! என் கிடங்கில் கட்டையை அட்டையோடு சேர்த்துத்தான் நிறுப்போம். நான்கு கிலோ என்று எழுதுவோம். அதில் நூற்று எண்பது கிராம் அட்டை. பத்து வருடப் பழக்கம். என் ஆட்கள் போட்டிக்கும் அப்படியே கட்டி அனுப்பிவிட்டார்கள். எல்லா ஜோடிக்கும் அதே குறைவுதான். ஆனால் மற்றவர்களுடையது விழுந்துவிட்டது, விழுந்ததை நிறுக்கவில்லை. நின்றது மாட்டிக்கொண்டது!

கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது: "மீதி கட்டை எங்க போச்சு?"

காலியான பெட்டி காந்திமதியின் காலடியில் கிடந்தது. அதை எடுத்துத் தராசில் போட்டிருந்தால் எண் நான்கில் நின்றிருக்கும். ஒரு குனிவுதான். குனிந்தேனா? முன்வரிசையில் என் சில்லறை வியாபாரிகள் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் காலால் அந்தப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினேன். கேமரா அதைப் பார்க்கவில்லை. என் கால் பார்த்தது. காலுக்கு மேலே இருக்கிற அத்தனையும் பார்த்தது.

தள்ளிவிட்டு மைக்கில் கேட்டேன்: "ஏம்மா, மடியில எதனா இருக்குதா? பிள்ளைக்குன்னு எடுத்து வச்சினு இருந்தா குடுத்துடும்மா, தப்பில்ல."

தப்பில்லையாம்! எவ்வளவு பெரிய மனது பாருங்கள்!

அவர் முந்தானையைப் பிரித்து, மடியை உதறினார். பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது. நான்கு மல்லாட்டை விழுந்தது. உள்ளூர் கேபிளில் அதை நேரலையாக ஊரே பார்த்தது. மலர்விழி கத்தினார்: "வா அண்ணி, இவங்க கட்டையும் வாணாம் கோப்பையும் வாணாம்." தொட்டிக்கு அடுத்து அதிக நேரம் நின்றது பாலம்தான் என்று கோப்பையை ஆனந்தராஜ் கையில் கொடுத்தேன். அவர் தயங்கித்தான் வாங்கினார்.

யாருங்க அது, மயிலம் கடைக்காரரா? "அப்ப எங்க கடைக்கு வந்த பெட்டி?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் பெட்டியும் அப்படித்தான். உங்களுக்கும் அட்டையைத்தான் விற்றேன். உட்காருங்கள், பதில் வருகிறது. ஓடிப் போகமாட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கடைக்கு வந்தார் காந்திமதி. முழுப் பணம் கொடுத்து நான்கு கிலோ பெட்டி ஒன்று வாங்கினார். "நிறுத்துக் காட்டுங்க மொதலாளி" என்றார். நிறுத்தேன், நான்கு. அவரே பெட்டியைப் பிரித்து, கட்டையைத் தட்டில் கொட்டினார். மூன்று எண்ணூற்று இருபது. காலிப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். நான்கு.

"இப்ப சொல்லுங்க. நூத்தி எம்பது கிராம் யாரு மடியில இருந்துச்சு?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "பேஜாரு பண்ணாதம்மா, இந்தப் பெட்டிய சும்மாவே எடுத்துகினு ஜல்தியா கெளம்பு" என்றேன்.

"கட்டை எனக்கு எதுக்கு? எம்பேர குடு" என்றார். பெட்டியைக் கல்லாவின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

கொடுத்தேனா? பதினோரு மாதம் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டேன், விழாக்களுக்கு விளக்கேற்றினேன், கோயிலில் முதல் மரியாதை வாங்கினேன். அந்தப் பெட்டி கல்லாவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. விற்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் துணிவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கட்டடத்துக்குப் போனேன், கிடங்குக்கு இடம் பார்க்க. இரண்டாவது மாடியிலிருந்து ஓர் இளம் கொத்தனார் கீழே பார்த்துக் கத்தினான்: "ஏ நூத்தி எம்பது! செங்கல் கொண்டா!"

கீழே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். காந்திமதி.

தாய்மார்களே, அவன் அப்படிக் கூப்பிட்டது என்னைச் சுடவில்லை. அந்தப் பேருக்கு அவர் திரும்பிப் பார்த்தாரே, அதுதான் சுட்டது! பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று. பெட்டிக்காரன் வைத்த பேர் ஒன்று. அவர் எதற்குத் திரும்பினார்? நான் வைத்ததற்கு! அந்த ஒப்பந்தக்காரர் அவரைச் சிமெண்டு கிடங்குப் பக்கமே விடுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "சாமான் இருக்கிற எடத்துல அந்தம்மா வாணாம்" என்பாராம்.

பக்கத்தில் போய் நின்றேன். "அம்மா, இந்த வருஷப் போட்டிக்கு நீங்க நடுவரா வரணும்" என்றேன்.

"எதுக்கு? மறுபடி மடிய ஒதறிக் காட்டவா?"

"மன்னிச்சிருங்கம்மா."

அப்போது மணல் சலித்துக்கொண்டிருந்த மலர்விழி சிரித்தார். "மைக்குல சொன்ன பொய்ய காதுல வந்து சரிபண்றாரு பாரு அண்ணி!"

அவையோரே, முப்பது வருடம் பேரம் பேசியவன் நான். சென்னையில் பேசியிருக்கிறேன், மும்பையில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் பேரம் பேச எனக்கு வாய் இல்லை. அவர் நிபந்தனைகளைச் சொன்னார், நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

கைதட்ட வேண்டாம், தயவுசெய்து நிறுத்துங்கள். திருடன் பொருளைத் திருப்பி வைத்தால் அதற்குக் கைதட்டலா? உண்மை சொன்னவன் என்று நாளைக்கு எனக்கு மாலை போட்டீர்களென்றால், அது இரண்டாவது திருட்டு. உண்மையை முதலில் சொன்னவர் அவர். ஒரு வருடத்துக்கு முன்னால், முந்தானையைப் பிரித்துக் காட்டிச் சொன்னார். நமக்குத்தான் கேட்கவில்லை.

ஆனந்தராஜ் சார் எழுந்து வருகிறார். கையில் கோப்பை. "அன்னைக்கே குடுத்திருக்கணும்" என்கிறார். நன்றி ஐயா. மேசைமேல் வையுங்கள், அவர் கையில் நான் கொடுக்க மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. தலைவர் கொடுப்பார்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. கேள்வி கேட்ட மயிலம் கடைக்காரருக்கு இரண்டு நன்றி. சல்லடை கொடுத்த மண்டிக்கு நன்றி. காந்திமதி அம்மா அவர்களே, உங்களுக்கு என் வணக்கம். திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, அன்றைக்கு விழுப்புரத்தில் அவர் சொன்ன நிபந்தனைகளை, சொன்னபடியே படிக்கிறேன்; நான் தலைகீழாகத் தொடங்கியதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. இதே மேடையில், இதே மைக்கில், வணக்கத்துக்கு முன்னால் உண்மை. பெட்டியைப் பிரித்து, அட்டையை விலக்கி, கட்டையை மட்டும் எல்லோர் கண்ணெதிரே நிறுப்பது. இன்று முதல் போட்டியிலும் கடையிலும் அதே எடை, பழைய குறைவுக்குச் சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கட்டையாகவே ஈடு. வாசல் பேனரில் காந்திமதி மேஸ்திரி என்று எழுதுவது. சித்தாள் என்று எங்கேயும் எழுதக் கூடாது. நடுவர் வேலைக்கு ஒரு நாள் கூலி, சித்தாளுக்குக் கொடுக்கிற அறுநூறு இல்லை. மேஸ்திரிக்குக் கொடுக்கிற ஆயிரத்து இருநூறு. மதியச் சாப்பாடு அவரே கொண்டுவருவார்.