ஆதிலட்சுமி வூட்டு குரோட்டன்ஸ் வேலி

…அத்த ஏன் கேக்கற ஏகாம்பரம். நீ கத்திரிய எடு, வெட்டிக்கினே கேளு. நீ வேல பாக்கற பங்களாத் தோட்டத்துல இடுப்பு ஒசரத்துக்கு மேல ஒரு எலை நீட்டிக்கினு நிக்காது. அதே குச்சியத்தான் எனக்கும் ஒடிச்சிக் குடுத்த. என் வூட்டாண்ட வந்ததும் அதுக்கு இன்னா கொள்ள வந்துச்சி? ஆடியில நட்டது. ஐப்பசி மய பேஞ்சுதா, தையில பாத்தா கூரைய எட்டிக்கினு நிக்குது. வெள்ளையும் பச்சையுமா, நாலு தெருவுக்குத் தெரியற மாரி…

இரு, மொதல்லேந்து சொல்றேன். பக்கத்து வூட்டு ஜெயம்மாவ ஒனக்குத் தெரியுமில்ல? அவ கண்ணு கீதே… என் அடுப்புல இன்னா கொதிக்குதுன்னு எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும். நெத்திலி வாங்கனா, "இன்னா ஆதிலட்சுமி, நெத்திலியா"ம்பா. சொரக்கா வாங்கனா, "நேத்தும் சொரக்காதானே"ம்பா. பொறுத்துக்கினேன். போன வருசம் கூரம் ஊர்லேந்து எங்க கனகாவப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவங்க கெளம்பி செருப்ப மாட்டற நேரத்துல இவ வந்து நின்னுக்கினு, "தங்கமான பொண்ணு, ரவோண்டு வாய்தான் ஜாஸ்தி"ன்னா. போனவங்க போனவங்கதான். வாயி… இல்லன்னு சொல்லல. எம்பொண்ணு, வேற எப்டி இருப்பா? அத்த இவ சொல்லணுமா? கனகாவுக்கு இருவத்தி நாலு முடியுது ஏகாம்பரம்.

அதுக்குத்தான் வேலி. வெட்டட்டுமா வெட்டட்டுமான்னு மாசா மாசம் நீ வந்து நின்ன, மெய்தான். தொடாதேன்னேன். அவ பக்கம் மட்டும் போதும்னு நீ சொன்ன. வாசலாண்டயும் நடு, ஒரு ஆளு ஒருக்களிச்சி நொயஞ்சா போதும்னு நான்தான் சொன்னேன். சரி உடு, அந்தக் கெளய இந்தாண்ட இயு, கண்ணுல குத்திக்கப் போற.

அப்பால திருப்புட்குழி எடம் வந்துது. பையன் கரண்டு ஆபீஸ்ல வேல. எங்கண்ணன் வரதன் பாத்தது. கூட்டிக்கினு வரேன்னவன் காச்சல்ல படுத்துக்கினான். நல்ல காரியம், முடியற வரிக்கும் தெருவுக்குத் தெரியலாமா? அதனால லெட்டர் போட்டேன். "யாரையும் வழி கேக்காதீங்க. வெள்ளையும் பச்சையுமா செடி வேலி தெரியும். நேரா உள்ள வந்துடுங்க."

போன வாரம் வந்தாங்க. பஸ்ஸ உட்டு எறங்கி வந்தா ஜெயம்மா வூடுதான் முன்னாடி. என் வேலி சாய்ஞ்சிக்கினு நிக்கறதும் அவ வூட்டு மேல. என் வாசல்தான் எவன் கண்ணுக்கும் தெரியாதே. நல்ல மனுசங்க, சொன்ன சொல்ல மீறல, யாரையும் கேக்கல. நேரா அவ வூட்டுக்குள்ள போய் ஒக்காந்துட்டாங்க.

நான் இந்தாண்ட பஜ்ஜிக்கு மாவு கரைச்சி வெச்சிக்கினு கீறேன். அந்தாண்ட ஒரே சிரிப்பு, டம்ளர் சத்தம். "எப்பப் பாரு விருந்தாளி, நல்ல வேள வேலி கீது"ன்னு கனகா கிட்ட சொல்றேன். அங்க அவ பொண்ணு ராணி தண்ணி கொண்டாந்து குடுத்துகீறா. அதுக்கு வாயே கெடையாது. பையனுக்குப் புடிச்சிப் போச்சி. நேத்து வெத்தல பாக்கு மாத்திக்கினாங்க.

துரோகம்தானே? ஆங்… நானும் தெருவுல பத்து பேரு கிட்ட அப்டித்தான் சொன்னேன். நீ ஏன் கத்திரிய நிறுத்திட்ட?

ஒங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. அன்னிக்கி ஜெயம்மா என்னிய கூப்ட்டா ஏகாம்பரம். "ஆதிலட்சுமி, ஆதிலட்சுமி"ன்னு, மூணு தரம், வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கினு. வந்தவங்கள என் வூட்டுக்கு அனுப்பத்தான் கூப்ட்டாளாம். நேத்து ராணி வந்து சொல்லிச்சி. எனக்கு இன்னா தெரியும்? மாவு வாசன புடிச்சிக்கினு வேவு பாக்கறான்னு நெனச்சேன். கனகா "தோ"ன்னு எயுந்தா. நான்தான் கையப் புடிச்சி ஒக்கார வெச்சி, "மூச்சு உடாத, வூட்ல யாரும் இல்லன்னு போவட்டும்"னேன்.

கனகா ஒரு வார்த்த கேக்கல. அந்த வாயாடி எட்டு நாளா ஒரு வார்த்த கேக்கலப்பா. அதான் எனக்குத் தாங்கல.

வெட்டு. இடுப்பு ஒசரம்… இல்ல, இன்னும் கீய. முட்டிக்கு வெட்டு.

யாரது அந்தாண்ட? ஜெயம்மாவா? எம்மா நேரமா நிக்கிற?

…கீறேன், கீறேன். வூட்லதான் கீறேன். சொல்லு.