சுவக்கினின் வலது கை

— கதவச் சாத்துங்க டொரதியக்கா. வெளிய ஓடிப்போய்க் கூப்பாடு போட்டா, நீங்க திரும்பி வரக்குள்ள ஒங்க புருசன் மண்ட ரெண்டாக் கெடக்கும்.

— சாத்திட்டேன் லக்ஸ்மன். சாத்திட்டேன்யா. அந்தச் சம்மட்டியக் கீழ வையி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.

— புண்ணியம் சேக்க வரலக்கா. டேய் சுவக்கின், எந்திரிக்காத. கதிரையிலயே இரு. வலது கையத் தூக்கி மேசை மேல வை.

— வைக்கிறேங்க. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கங்க.

— கிருஷாந்தன்னு சொன்னாத் தெரியுமா?

— இல்லங்க.

— அவன் அண்ணன்டா நான். பேரக் கேட்டுக் கண்ணுகூட சிமிட்டல பாரு.

— லக்ஸ்மன், அவருக்கு யாரையும் தெரியாது. மண் சரிஞ்சப்ப பாறை மண்டையில விழுந்திருச்சு. அவரு பேரையே நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

— கேள்விப்பட்டேன். நம்ம தேயிலைத் தோட்டத்துல எல்லாம் சொன்னாங்க. மழையில வீடு போச்சு, சுவக்கினுக்குப் புத்தி போச்சு, டொரதி அவனக் கூட்டிக்கிட்டு அம்பிட்டியப் பக்கம் குடி போயிட்டான்னு. நல்ல வசதியான நோய் இது. ஒருத்தன் கைய நசுக்குறது, அப்புறம் மறந்துர்றது.

— நான் என்னங்க செஞ்சேன்?

— கேக்குறியா?

— கேக்குறேன். இவங்க சொல்ல மாட்டேங்குறாங்க. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்கால் போட்டு இருந்தா, சொல்ல ஒன்னுமே வரல. ஃபாதர் காத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில, பக்கத்து வீட்டு நாய எட்டி ஒதைச்சேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுவும் பொய்தான்.

— அக்கா, இவன் பகிடி விடுறானா?

— இல்லப்பா. இப்ப இவரு பேச்சே இப்பிடித்தான்.

— அப்ப நல்லாக் கேட்டுக்கடா. ஒரு பாவம் தாறேன், அடுத்த தரம் கொண்டுபோய்ச் சொல்லு. நீ கல்லு குவாரியில சம்மட்டி அடிச்சவன். ஒருநாள் குடிச்சிட்டு வந்து, இந்த அக்காவ நடு ரோட்டுல போட்டு மிதிச்ச. ஊரே பாத்துக்கிட்டு நின்னிச்சு. என் தம்பி ஒருத்தன்தான் குறுக்க வந்தான். அவன் வலது கையக் கல்லு மேல வச்சு, முழங்காலால அமுக்கிப் புடிச்சு, சம்மட்டியால அடிச்ச. ஆத்திரத்துல அடிக்கலையாம். சல்லி ஒடைக்கிற மாதிரி, நெதானமா அடிச்சியாம்.

— டொரதி, இது நெசமா?

— நெசந்தான்.

— ஒங்களையும் மிதிச்சேனா?

— அத விடுங்க இப்ப.

— ஏன் விடணும்? சொல்லுங்கக்கா. வெக்கமா இருக்கா? கேளுடா, என் தம்பி பஸ் ஓட்டுனவன். கைய மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. பல்லு வெளக்கக்கூட எங்கம்மாவக் கூப்புட வேண்டியிருந்துச்சு அவனுக்கு. போன மாசம் புல்லுக்கு அடிக்கிற மருந்த எடுத்துக் குடிச்சுட்டான். கட்டார்ல இருந்து ஓடி வந்து நான் பெட்டியத்தான் பாத்தேன்.

— ஆண்டவரே.

— அவர எதுக்குக் கூப்புடுற? அன்னைக்கும் அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. விரல விரி.

— விரிச்சுட்டேங்க. நீங்க சொல்றது நடந்திருந்தா அடிக்க வேண்டியதுதான். நீங்க சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆள அடிக்கணும் போல ஈக்கு. அவன் இன்னும் இந்தக் கைக்குள்ள ஈக்கானான்னுதான் தெரியல.

— ஈக்கா? அது என்னடா பேச்சு? தோட்டத்தான் பேசுற பேச்சா அது?

— அடிபட்டதுல நாக்குப் பெரளுது லக்ஸ்மன். டாக்டரும் சொன்னாரு.

— நாக்கும் பெரளுதோ? மூஞ்சியும்தான் மாறிப்போச்சு. நான் கட்டார் போன பொறகு தோட்டத்துக்கு வந்தவன் இவன். தம்பி எனக்கு அனுப்புன போட்டோவுல இவன் மீசையும் தொப்பையுமா நின்னான். இப்ப காஞ்ச கருவாடாட்டம் இருக்கான்.

— பாறை விழுந்த மூஞ்சி அது. தச்சுத் தச்சு வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிச் சோத்துல தொப்ப எங்க நிக்கும்?

— எனக்கு மூஞ்சி எதுக்கு, கைதான் வேணும். ஆனா இப்பிடி வேணாங்க்கா. பாருங்க, ஆட்டுக்குட்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கான். கட்டார்ல கண்ண மூடுனா நெனப்புல நான் அடிச்சது இவன இல்ல. டேய், மொறைடா. என் தம்பியப் பாத்துச் சிரிச்சியாமே, அப்பிடிச் சிரி. சிரிடா!

— கன்னத்துல அடிச்சா சிரிப்பு எப்பிடிங்க வரும்?

— வரும். இந்தா, இன்னொன்னு. எந்திரிச்சு அடிடா! ஒரே ஒரு தடவ பழைய சுவக்கினா எந்திரி. அப்பத்தான் ஒன் கைய ஒடைச்சா எனக்குச் சோறு எறங்கும்.

— வாயில ரத்தம் வருது அவருக்கு! போதும்டா லக்ஸ்மன்!

— தள்ளுங்க. மிதிச்சவனுக்கு அழுறீங்களாக்கா? ஒங்களுக்காகக் கையக் குடுத்தவனுக்கு அழுதீங்களா? செத்த வீட்டுக்குக்கூட வரல நீங்க.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாறது?

— அப்ப அந்த மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கங்க. டேய், இது வெறும் சம்மட்டிப் புடிதான், இரும்பு இன்னும் வரல. முழங்கால் சில்லுக்கு ஒன்னு.

— உம்மா! யா அல்லா! உம்மா!

— என்னா?

— ஏலா... தாங்க ஏலா உம்மா...

— என்னா சொன்ன? யாரடா கூப்புட்ட?

— அவரு ஒன்னும் சொல்லல! வலியில என்னமோ ஒளறுறாரு!

— வலியில ஒளறுறவன் பொறந்த வீட்டுப் பேச்சுலதான் ஒளறுவான் அக்கா. கட்டார்ல மாடியில இருந்து விழுந்தவன் எத்தன பேரத் தோள்ல தூக்கியிருக்கேன். நம்ம ஆளு அம்மாம்பான், இல்லாட்டி மாதாவேம்பான். சிங்களவன் அம்மேம்பான். உம்மாங்கிறவன் யாரு? வேதக்கார வீட்டுல எவன்டா உம்மான்னு கத்துறான்?

— நான் அப்பிடியாங்க சொன்னேன்?

— இந்தக் காதால கேட்டேன். அக்கா, யாரு இவன்? இப்ப பொய் சொன்னீங்க, இரும்பு எறங்கும். கைக்கு இல்ல. தலைக்கு.

— வேணாம்! அடிக்காத! அது சுவக்கின் இல்ல!

— டொரதி?

— என்ன மன்னிச்சிருங்க. நீங்க சுவக்கின் இல்ல.

— பொறகு நான் யாரு?

— மண் சரிஞ்ச மறுநாள் வார்டு நெறைய ஆளுங்க. நீங்க ஒரு மூலையில, மூஞ்சி வீங்கி, பேரு ஊரு இல்லாமக் கெடந்தீங்க. ஒங்க ஆளு இதுல இருக்காரான்னு நர்ஸ் கேட்டா. நான் ஒங்களக் காட்டிட்டேன். சுவக்கின் ஐடிய நீட்டுனேன், அந்த நேரத்துல அத யாரு ஒழுங்காப் பாத்தா? ஒடம்பு தொடைச்சு விடக்குள்ளதான் முஸ்லிம் ஆளுன்னு தெரிஞ்சுச்சு. வெளிய சொல்ல முடியுமா? வாய மூடிக்கிட்டேன்.

— பெரிய ஆளுக்கா நீங்க. இவனுக்கு வீட்டுல யாரும் இல்லையா?

— இருக்காங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பொம்பள நின்னா. மடவளையில இருந்து வந்தவங்க. ஹபீல், என் மகன் ஹபீல்னு எல்லார்கிட்டயும் கேட்டாங்க. சொன்ன அடையாளம் பூரா இவரோடது. பேரு தெரியாத ஆளு யாருமே இல்லம்மான்னு நர்ஸ்மாரு சொல்லி அனுப்புறாங்க, நான் இவரு மூஞ்சியத் துணியால மூடி த்ரீவீல்ல ஏத்துறேன். அவங்க நகந்து எங்களுக்கு வழி விட்டாங்க.

— ஹபீல்.

— ஏதாச்சும் ஞாபகம் வருதாங்க?

— இல்ல. வேற யாரோ ஒருத்தரோட பேரு மாதிரி ஈக்கு. அவங்க அழுதாங்களா?

— அழுதாங்க.

— ஏன் டொரதி இப்பிடிச் செஞ்சீங்க?

— மொதல்ல, புருசன் உசிரோட இருக்கான்னு ஊருக்குக் காட்ட வேண்டியிருந்துச்சு. கொஞ்சம் தேறுனதும் ஒங்களக் கொண்டுபோய் விட்டுரலாம்னுதான் நெனைச்சேன். சத்தியமா. சோறு போட்டா, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க. இத்தன வருசத்துல அந்த வீட்டுல யாரு என்ன அப்பிடிக் கேட்டா? விட மனசு வரல.

— இருங்கக்கா. நில்லுங்க. ஊருக்குக் காட்டணுமா? ஏன் காட்டணும்? புருசன் மண்ணுக்குள்ள போயிட்டான்னு அழுதுட்டுப் போறதுதானே? அன்னைக்கு எத்தன பொம்பளைங்க அப்பிடி அழுதாங்க.

— லக்ஸ்மன், விடு. ஒன் கோபம் சுவக்கின் மேலதானே, அவன்தான் இல்லையே.

— ஆமிக்காரன் வந்து தோண்டுனான்ல? ஆளக் காணோம்னு சொன்ன வீட்டத்தானே தோண்டுனான். ஆளு வார்டுல கெடச்சுட்டான்னா அந்த வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவான். அதுக்குத்தான் ஒங்களுக்கு ஒரு உசிரோட இருக்குற புருசன் வேணும். ஒங்க வீட்டு மண்ண யாரும் கெளறக் கூடாது. அப்பிடித்தானே?

— எனக்கு ஒன்னும் தெரியாது.

— மண்ணு சரிஞ்சு சாகல அவன். அதுக்கு முன்னமே செத்துட்டான். சுவக்கின் எங்கடி?

— தெரியாதுன்னு சொல்றேன்ல!

— அவன் எனக்கு உள்ளவன்டி! அந்தக் கைய நான் ஒடைக்கணும், நான்! என் தம்பி பெட்டியில கை வச்சுச் சொல்லிட்டு வந்தேன். நீ முந்திக்கிட்டியா? நட. பொலிசுக்கு நட. அவனுங்க முன்னால ஒன் வீட்ட நானே தோண்டுறேன்.

— முடிய விடுடா! ஐயோ, வலிக்குது, விடுடா!

— அவள விடுடா நாயே.

— நீ ஏன் நொண்டிக்கிட்டு எந்திரிக்கிற? ஒனக்கும் இதுக்கும் ஒன்னும் இல்ல. போ. மெயின் ரோட்டுல பஸ் வரும். மடவளைக்குப் போய் ஒன் உம்மாவப் பாரு.

— எவன்டா உம்மாவப் பாக்குறது? நீ குடுத்த அடியில எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சுடா. ஒன் தம்பி கதறக் கதற, சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சேன். நான்தான் சுவக்கின், இந்தா ஈக்கு கை, அடி.