கடிக்கிற குக்கர்

கத்தரி பிடித்த கையாலேயே இந்தச் சங்கத்தையும் கட்டிக் காத்துவரும் தலைவர், கட்டிங் மாஸ்டர் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! ஊசி முனையில் உலை வைத்து, நூல் முனையில் குடும்பம் நடத்தும் தாய்மார்களே! தையல் மெஷின்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் தங்கைகளே! "இவள் எப்போது முடிப்பாள், பெட்டியை எப்போது தருவார்கள்" என்று கதவோரம் காத்து நிற்கும் அண்ணன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை புதிது. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். "அவ தாளோட பேசுவா, ஆளோட பேசமாட்டா" என்று என் அக்கா கேலி செய்வாள். அந்த அக்காவை உங்களுக்குத் தெரியும். அதோ, ஜன்னலோரம் கடைசி மெஷின். பதினோரு வருடம் அங்கே உட்கார்ந்து சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்தவள். அவளை நீங்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. காஜா அக்கா என்றே அழைத்தீர்கள்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. கரண்ட் அடித்துப் போனாள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் தலைவர் ஐயா வீட்டுக்கு வந்தார். "இந்த வருஷம் எல்லாருக்கும் ரைஸ் குக்கர் தரணும்னு பொம்பளைங்க எல்லாரும் கையத் தூக்கிட்டாங்கம்மா. உனக்கு மனசு கஷ்டமா இருந்தா வராதே. வந்தா, எப்படிப் பார்த்து வாங்கணும், எப்படிப் பயன்படுத்தணும்னு நாலு வார்த்தை சொல்லு" என்றார். நாலு வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன். அதில் இரண்டு வார்த்தை என் அக்காவைக் கொன்றவை.

என்ன சொல்கிறீர்கள் அக்கா? சத்தமாகச் சொல்லுங்கள். "அப்போ குக்கரே வேணாங்கிறியா?" என்று கேட்கிறீர்கள். இல்லை அக்கா! வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குக்கர் வந்த பிறகுதான் என் அக்கா காலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அதற்கு முன்னால்? அடுப்புக்கும் அறைக்கும் ஓட்டம். உலைக்கும் ஊசிக்கும் ஓட்டம். அரிசி பொங்குகிறதா, அடி பிடிக்கிறதா என்று ஒரு கண் எப்போதும் அடுப்பிலேயே கிடக்கும். குக்கர் வந்தது. பொத்தானை அழுத்தினாள். வீட்டு மெஷினில் உட்கார்ந்தாள். சோறு வெந்ததும் "டக்" என்று பொத்தான் எகிறும். மெஷின் ஓடும் இரைச்சலிலும் அந்த "டக்" அவள் காதில் விழுந்துவிடும். "என் மாமியார்கூட இவ்வளவு சரியா கூப்பிட்டதில்லடி" என்பாள்.

சிரியுங்கள், தப்பில்லை. அவளும் சிரித்துத்தான் சொன்னாள்.

அந்தக் குக்கரை வாங்கியது யார்? நான். தேர்ந்தெடுத்தது யார்? நான். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்? மூடியில் போட்டிருந்த பூவைப் பார்த்து! மூன்று பேர் உள்ள வீட்டுக்குப் பத்துப் பேர் சாப்பிடும் குக்கர் எதற்கு என்று யோசித்தேனா? உள் பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்கிறதா, சூடாகும் தட்டில் ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்தேனா? ஒயர் தடிமனாக இருக்கிறதா, தரமுத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேனா? அச்சில் ஒரு புள்ளி விழுந்துபோனாலும் கண்டுபிடிக்கிற என் கண், அன்றைக்குப் பூ பார்த்துக்கொண்டிருந்தது.

பிளக்கில் மூன்று பின்கள் இருந்தன. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு துளைகளே இருந்தன. கடைக்காரரிடம் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா, இந்த அடாப்டரை மாட்டுங்க. எந்தச் சுவத்துலயும் நுழையும்."

"அந்த மூணாவது பின் எதுக்குங்க?"

"அதுவா? கல்யாணத்துல மூணாவது வரிசையில உக்கார்ற ஆளு மாதிரி. வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நுழையுதா இல்லையா, அதைப் பாருங்க."

நானும் சிரித்தேன். நுழைந்தது. பிளக் சுவருக்குள் நுழைந்தது; எமன் வீட்டுக்குள் நுழைந்தான்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. அக்கா அரிசியை உள் பாத்திரத்திலேயே களைவாள். அவசரம். எட்டு மணிக்கு இங்கே இருக்க வேண்டுமே! அடியைத் துடைக்காமல் ஈரத்தோடு அப்படியே குக்கரில் இறக்குவாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உள்ளே போனது. கஞ்சி பொங்கி வழிந்து அதுவும் உள்ளே போனது. ஒருநாள் பாத்திரத்தைத் தொட்டவள் கையை உதறினாள்.

"ஏய், இது கடிக்குதுடி!"

அதுதான் முதல் வார்த்தை. கடிக்குது. ஷாக் அடிக்கிறது என்று சொல்லியிருந்தால் பயந்திருப்போம். கரண்ட் கசிகிறது என்று சொல்லியிருந்தால் ஆளைக் கூப்பிட்டிருப்போம். கடிக்கிறது என்றோம்; சிரித்தோம். அதற்குத் தரம் பிரித்துப் பெயர் வைத்தவளே நான்தான். லேசாக இருந்தால் எறும்பு. சுரீரென்று இருந்தால் குளவி. காலையில் சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "இன்னைக்கு எறும்புடி!" நான் கூடத்திலிருந்து கேட்பேன்: "நேத்து குளவியாச்சே, கோபம் ஆறிடுச்சா?" அத்தான் சொல்வார்: "உன்கூட இருந்து இருந்து அதுக்கும் கடிக்கிற புத்தி வந்துடுச்சு."

தாய்மார்களே! எறும்பு என்றோம், குளவி என்றோம். பாம்பு என்று ஒருவராவது சொன்னோமா? கடிக்கிற நாயை வீட்டுக்குள் கட்டிவைப்போமா? கடிக்கிற செருப்பைக்கூடக் கழற்றி எறிகிறோமே! கடிக்கிற குக்கரில் மட்டும் ஏன் சோறு வடித்துத் தின்றோம்?

மாடிவீட்டு மாமா ஒரு யோசனை சொன்னார். "பலகை மேல ஏறி நின்னுக்கிட்டுத் தொடும்மா, ஒண்ணும் ஆகாது." ஒரு பழைய மரப்பலகையைத் தேடி எடுத்துக் குக்கருக்கு முன்னால் போட்டோம். கடி நின்றது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். நின்றது கடிதான், கசிவு நிற்கவில்லை. அது எங்களுக்குத் தெரியவில்லை. "சரி பண்ணிடலாமாக்கா?" என்று ஒரே ஒருமுறை கேட்டேன். அவள் சொன்னதுதான் இரண்டாவது வார்த்தை.

"பழகிடுச்சுடி."

பழகிவிட்டது! நாம் எதற்குத்தான் பழகவில்லை? முதுகு வலி பழகிவிட்டது, மெஷின் இரைச்சல் பழகிவிட்டது, ஊசி ஏறிய விரல் பழகிவிட்டது. மனிதர் நெருப்புக்குப் பழகலாம், நெருப்பு மனிதருக்குப் பழகுமா?

அன்று எனக்கு அச்சகத்தில் விடுமுறை. அக்கா ஓடி ஓடிச் செய்கிறாளே, இன்று ஒருநாள் நாம் உதவுவோம் என்று விடிந்ததும் எழுந்து வீடு முழுக்கத் துடைத்தேன். சமையலறையையும் துடைத்தேன். அந்தப் பலகை இடைஞ்சலாக இருந்தது. ஊறிப்போய் அழுக்காகவும் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்தேன்.

ஆமாம். நான்தான்.

ஏழு மாதமாக நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். அத்தானிடம் நேற்றுத்தான் சொன்னேன். இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வந்திருக்கிறாரே, அது போதும்.

"டக்" என்று கேட்டது. அக்கா வெறுங்காலோடு சமையலறைக்குப் போனாள். தரை ஈரம். "பலகை எங்கடி?" என்று கேட்டாள். "காயுது" என்றேன். நேரமாகிவிட்டது அவளுக்கு. இன்று எறும்பா குளவியா என்று காத்திருந்தேன். குரல் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த "டக்" என்ற சத்தத்துக்கு, சோறு வெந்துவிட்டது என்று பொருள். கரண்ட் போய்விட்டது என்று பொருள் அல்ல! சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை பாத்திரத்துக்குப் போக வேண்டும். அரிசியை வேறு பாத்திரத்தில் களையுங்கள். உள் பாத்திரத்தின் அடியை, பிறந்த குழந்தையின் தலையைத் துவட்டுவதுபோலத் துவட்டுங்கள். பொங்கி வழிகிற அளவுக்கு நிரப்பாதீர்கள். ஒருமுறை சுரீரென்றால் அதோடு நிறுத்துங்கள். இரண்டாம் முறை தொட்டுப் பார்க்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். அந்த அடாப்டரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மூணாவது பின் கரண்ட் வர்ற வாசல் இல்லம்மா, அது வடிகால். தப்பாக் கசியிற கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிடும். நீங்க வடிகாலை அடைச்சிட்டீங்க. அப்புறம் தொடுற ஆளுதான் வடிகால்."

தொடுகிற ஆள்தான் வடிகால். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது மேடையைப் பாருங்கள். நாற்பது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் டேப் போட்டு ஒரு சின்ன வெள்ளைப் பொருள் ஒட்டியிருக்கிறதே, அது என்ன? "இலவசம்" என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? அடாப்டர்! காலையில் இங்கே வந்தபோதுதான் அதைப் பார்த்தேன். தலைவரிடம் காட்டினேன். "அய்யோ, கடைக்காரன் நல்லதுக்குத்தானேம்மா குடுத்திருப்பான்" என்றார். நல்லதுக்குத்தான் ஐயா. மாமா பலகை சொன்னதும் நல்லதுக்குத்தான். நான் பலகையைக் கழுவியதும் நல்லதுக்குத்தான்.

உங்கள் வீடுகள் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டைப் போன்ற பழைய வாடகை வீடுகள்தான். சிலர் வீட்டில் இரண்டு துளை. சிலர் வீட்டில் மூன்று துளை இருக்கும். மூன்றாவதன் பின்னால் கம்பியே இருக்காது. ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் திறக்காதீர்கள். அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அதோ கதவோரம் நிற்கிறார். நாளை முதல் நாற்பது வீட்டுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வடிகால், அதாவது எர்த், சரியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு சமையுங்கள். கசிந்தால் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கிறதாம், அதையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். முறைப்பார். கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேளுங்கள்!

அடாப்டர்? அது உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இதோ, அக்காவின் பட்டன் டப்பா. அவள் மெஷின் மேல் எப்போதும் இருக்குமே, அதேதான். காலி செய்து கொண்டுவந்திருக்கிறேன். பெட்டி வாங்கும் ஒவ்வொருவரும் அந்த டேப்பைப் பிய்த்து, அடாப்டரை இதில் போட்டுவிட்டுப் போங்கள்.

இவ்வளவு நேரம் ஓர் ஊமைப் பெண்ணின் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பெரியவர்களுக்கும், அழுவதை மறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. கை தட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக எழுந்து வாருங்கள்.

முதலில் யார்? அத்தான், நீங்களா? உங்களுக்குப் பெட்டி இல்லையே...

சரி. கொண்டுவந்திருக்கிறீர்கள். நம் வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கியதையே கொண்டுவந்திருக்கிறீர்கள். போடுங்கள், அத்தான். டப்பாவுக்குள் போடுங்கள்.

டக்.

கேட்டதா? எல்லோருக்கும் கேட்டதா? வாருங்கள், அடுத்தவர் வாருங்கள். வணக்கம்.