எட்டாவது ரோஜா

— மெதுவா பேசுங்க, பானி ஒதிலியா. பின் வரிசைக்காரர் ரெண்டாவது தடவை தொண்டையைக் கனைக்கிறார்.

— கனைக்கட்டும். அவர் தொண்டை, அவர் பாடு. கேளுங்க பான் ஸெனோன், அந்தப் பியானோப் பையன் பண்ற அநியாயத்தைக் கேளுங்க. மஸுர்காங்கறது கிராமத்துல காலைத் தட்டித் தட்டி ஆடுற ஆட்டம். மூணு தட்டையும் ஒரே கனமா போட்டா எவன் எழுந்து ஆடுவான்? கறிக்கடையில எடை போடுற மாதிரியில்ல போடுறான்.

— அதாவது... எனக்கு நல்லாத்தான் இருக்கு.

— உங்களுக்கு எதுதான் நல்லா இல்லாம இருந்துச்சு? மே மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாம இதே பெஞ்சுல உக்காந்து ஷோப்பனைத் தவிர வேற எதுவும் கேக்கல. இத்தனை பேர் வந்து வாசிச்சாங்க. ஒருத்தன்கிட்டயாவது ஒரு குத்தம் கண்டுபிடிச்சீங்களா? வார்சாவுல பொறந்தவன்னு வெளியில சொல்லிக்காதீங்க.

— முப்பது வருஷம் டிராம் ஓட்டினவன் நான். தடம் புரளாம கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தா எனக்கு அதுவே போதும்.

— தாடையைப் பாருங்க அவனுக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிக்கிறான். ராத்திரி தூக்கத்துலயும் கடிப்பான். அவன் கடைவாய்ப் பல்லு ரெண்டும் தேஞ்சு போயிருக்கும், நான் எழுதித் தர்றேன்.

— இங்க வந்துமா பல் வைத்தியம்?

— காலம் பூரா ஊரார் வாயைப் பார்த்தவ. கண்ணு அங்கதான் போகும். ஐயோ, பூங்கா மயில் ஆரம்பிச்சிருச்சு.

— பாவம். அவன் அந்த மெதுவான இடத்துக்கு வந்ததும், சொல்லி வெச்ச மாதிரி கத்துது.

— மயிலைத் திட்டாதீங்க. அவனை விட அதுக்குத் தாளம் தெரியுது. இந்தாங்க, வளைய ரொட்டி, பாதி பாதி. உங்க பாதியை அணிலுக்குப் போட்டுட்டு என் பாதியைப் பார்க்கக் கூடாது.

— போன வாரம் ஒரு துண்டுதானே போட்டேன்.

— ஒரு துண்டா? "பாஸியா, பாஸியா"ன்னு அணிலைக் கொஞ்சிக் கொஞ்சி முழுசையும் போட்டீங்க. ஹும். இன்னியோட இந்தக் கூத்தும் முடியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை பியானோவை ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் ஷோப்பன் சிலை மட்டும் தனியா மழையில நனையும்.

— தெரியும்.

— ராத்திரி என் பொண்ணு ரெனாத்தா போன் பண்ணுவா. இந்த வருஷம் பூரா அவளுக்கு ஒரே பாட்டுதான். "கதான்ஸ்குக்கே வந்துருங்கம்மா, மாடி அறை காலியா இருக்கு, ஜன்னலைத் திறந்தா கடல்"னு.

— நீங்க... என்ன சொன்னீங்க?

— என்ன சொல்லலாம்? நீங்கதான் சொல்லுங்களேன்.

— அதாவது... கடல் காத்து முட்டி வலிக்கு நல்லதுன்னு சொல்றாங்க.

— முட்டி வலி யாருக்கு?

— எனக்கு.

— அப்ப நீங்க போங்க கதான்ஸ்குக்கு. அந்தப் பையனுக்கு வாங்கின பூங்கொத்தை இப்படிக் குடுங்க, எண்ணணும்.

— இன்னிக்கு வேண்டாமே.

— ஏன் வேண்டாம்? கோடை முழுக்க அந்தப் பூக்காரி எட்டு எட்டாவே கட்டித் தர்றா, நீங்களும் வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டு வர்றீங்க. இரட்டைப்படையில பூ கட்டுறது சவப்பெட்டிக்கு. உயிரோட உக்காந்து வாசிக்கிறவனுக்கு எட்டு ரோஜாவை நீட்டினா அவன் என்ன ஆவான்? வாரா வாரம் நான் ஒண்ணை உருவி எடுக்கலைன்னா, இந்த ஊர்ப் பியானோக்காரங்கள்ல பாதிப் பேரை நீங்க குழியில இறக்கியிருப்பீங்க.

— உருவினதை நீங்கதானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க.

— பின்ன, குப்பையிலயா போடுறது? சமையலறை ஜன்னல்ல ஒரு கண்ணாடிக் குவளை அதுக்குன்னே நிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு, அஞ்சு... ஆறு, ஏழு.

— ஏழா?

— ஏழுதான். திருப்பியும் எண்ணிட்டேன். கடைசி வாரத்துலயாவது அந்தப் பொண்ணு எண்ணக் கத்துக்கிட்டாளே.

— உங்க முகம் ஏன் சட்டுனு வாடிருச்சு?

— என் முகத்துக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. அதோ, முடிச்சிட்டான். கை தட்டுங்க.

— நீங்க தட்டலையே.

— கொஞ்சமா தட்டுறேன். கடைசியா வாசிச்சது பரவாயில்ல. எல்லாரும் எழுந்துட்டாங்க பாருங்க. போங்க, பூவைக் குடுத்துட்டு வாங்க. அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி முந்திக்கப் போறா.

— முந்திக்கட்டும்.

— உங்க பூவு?

— இது அவனுக்கு இல்ல.

— பின்ன யாருக்கு?

— அதாவது...

— அந்த "அதாவதை" ஓரமா வெச்சுட்டு வாயைத் திறங்க. என் நாற்காலியில உக்காந்து வாயைத் திறக்காமப் போனவங்க யாரும் இல்ல.

— உங்களுக்குத்தான். ஏழும் உங்களுக்கு. பூக்காரிக்கு எண்ணத் தெரியாம இல்ல, பானி ஒதிலியா. எந்தப் பூக்காரி தானா இரட்டைப்படையில கட்டுவா? மொத தடவை நான் எட்டு கேட்டப்போ, யாரு போயிட்டாங்கன்னு துக்கம் விசாரிச்சா. அப்புறம் வாரா வாரம் சிலுவை போட்டுக்கிட்டுத்தான் கட்டிக் குடுத்தா. ஒண்ணு மிஞ்சணும், மிஞ்சினது உங்க கைக்கு வரணும், அதுக்காக நான் கேட்டு வாங்கின எட்டு. நேரா நீட்டுறதுக்கு எனக்குத் தைரியம் வரல.

— இன்னிக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?

— இன்னிக்கு விட்டா அப்புறம் மே மாசம்தான். அதுக்குள்ள நீங்க கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. போகாதீங்க. எனக்கு சுத்தி வளைக்கத் தெரியல. நீங்க போயிட்டா இந்தக் குளிர்காலம் எனக்கு வேண்டவே வேண்டாம். ஷோப்பனை ரேடியோவுல கேட்டுக்கலாம். நீங்க திட்டுறதை எதுல கேக்குறது?

— உஷ். ஜனங்க விடல, பையன் திரும்பவும் வாசிக்க உக்காந்துட்டான்.

— ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் கேளுங்களேன். எனக்கு உசுரு தாங்காது.

— தாங்கும். ஒத்தைப்படையிலதானே பூ வாங்கியிருக்கீங்க. கேளுங்க, பான் ஸெனோன், ரெனாத்தாகிட்ட வரலைன்னு ஜூலையிலயே சொல்லியாச்சு. ஜூன்லயே உங்க பூக்காரி என் கையைப் பிடிச்சுக் கேட்டுட்டா, "அந்த டிராம்காரர் வாரா வாரம் எட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போறாரே, அவரு வீட்டுல அத்தனை பேரா செத்துட்டாங்க"ன்னு.