பியோனிக்கு எறும்பு வேணும், எனக்கு வேணாம்

பட்டைத்தூள் தூவியாச்சுப்பா. வினிகர் ஊத்தித் தொடைச்சாச்சு. சாக்பீஸால வாசல்ல கோடு கிழிச்சேன், எறும்புங்க அது மேலயே வரிசையா நடந்து போகுதுங்க, என்னமோ நான் பாதை போட்டுக் குடுத்த மாதிரி. சர்ச்சுல ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. போராக்ஸ் பொடியையும் சர்க்கரையையும் கொழைச்சு வை வெல்மா, தின்னுட்டுப் புத்துக்குப் போயி குடும்பத்தோட சாவும்னா ஒருத்தி. வெச்சேன். ரெண்டே மணி நேரத்துல ஊரையே கூட்டிட்டு வந்துருச்சுங்க. இந்தச் சமையல் மேடை பூரா பந்தி. பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? ஸ்ப்ரே எடுத்து அடிச்சு மொத்தத்தையும் தொடைச்சு எறிஞ்சேன். அப்புறம் அவ சாவகாசமா சொல்றா, அடிக்கக் கூடாதாம், விட்டுறணுமாம், அதுங்க எடுத்துட்டுப் போனாத்தான் மருந்து வேலை செய்யுமாம். இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?

உக்காருப்பா. சட்டையில என்ன போட்டிருக்கு... கர்ட்டிஸா? உக்காரு கர்ட்டிஸ். எறும்பு மருந்து கேனை அந்தப் பாய் மேல வை, நேத்துதான் தரை தொடைச்சேன். காப்பி வேணாமா? ரூபார்ப் பை சுட்டு வெச்சிருக்கேன், இனிப்பா இருக்கும்... அதுவும் வேணாமா? எறும்பு மேஞ்சதுன்னு நெனச்சியா? சேச்சே, அது ஃப்ரிட்ஜுல இருந்தது. இப்பல்லாம் எல்லாமே ஃப்ரிட்ஜுலதான். உப்புகூட.

எங்கேர்ந்து வருதுன்னு நீ தேடவே வேணாம். எனக்குத் தெரியும். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். அங்க என் நாத்தனார் இருக்கா, நடீன். என் வீட்டுக்காரர் ஹார்லனோட தங்கச்சி. மாமனார் கட்டின வீடு, நடுவுல ஒரு சுவர். எங்களுக்கு இந்தப் பாதி, அவளுக்கு அந்தப் பாதி. ஹார்லன் போயி ஆறு வருஷமாச்சு, இப்ப பாதிக்கு ஒரு பொம்பளை. அவ தும்மினா நான் இங்கேர்ந்து ஆண்டவர் காப்பாத்தட்டும்பேன், அவ அங்கேர்ந்து நன்றிம்பா. அவ்வளவு மெல்லிசு சுவர். மனுஷங்க சத்தமே வருது, எறும்பு வராதா?

அவளுக்கு ஒரு பூனை. பேரு கர்னல். பட்டாளத்துப் பேரை வெச்சுக்கிட்டு ஈசலுக்கு பயப்படும். அதுக்கு ஒரு தட்டு, ரெண்டு வீட்டுக்கும் பொதுவான பின்வாசல்ல. தட்டுல மீனு, பக்கத்துல பாலு. நீயே சொல்லு, எறும்புக்கு வேற என்ன அழைப்பிதழ் வேணும்?

நேராவே சொன்னேன் அவகிட்ட. எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது, ஹார்லன்கூட சொல்லுவாரு... அது கெடக்கு. 'நடீன், உன் பூனைத் தட்டு எறும்புக்குச் சத்திரமாயிருச்சு, இந்த வீட்டுல ஒண்ணு கர்னல் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னேன். கோவத்துல ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே? யாராவது அதைப் போயி நெசமா எடுத்துக்குவாங்களா? மறுநாள் காலையில அவ சிநேகிதி ஜோலீனோட வண்டி வந்து நிக்குது. கர்னலைப் பொட்டியில வெச்சு, அது போத்திக்கற கம்பளியையும் மடிச்சு வெச்சு, ஜோலீன் பண்ணைக்கு அனுப்பிட்டா. நாப்பது மைல். பன்னெண்டு வயசுப் பூனைப்பா அது. சோபாவுலயே வளந்த ஜென்மம், பண்ணையில போயி என்ன எலி பிடிக்கும்? எலிதான் அதைப் பிடிக்கும்.

மூணு வாரமாச்சு, பேச்சு வார்த்தை இல்ல. நான் தும்மினாக்கூட அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் இல்ல. வேணும்னே ரெண்டு தடவை தும்மிப் பாத்தேன். ஊஹும்.

பூனை போயும் எறும்பு போகலையேன்னு கேக்கறியா? அதான் எனக்கும் புரியல. அந்தத் தட்டு இன்னும் அங்கதான் இருக்கு, தெனம் கழுவிக் கவுத்து வெக்கறா. எதுக்குன்னு கேளு. யாருக்கு வெக்கறா? நான் கேக்க முடியாது, பேச்சு இல்லையே.

திங்கக்கிழமை மெமோரியல் டே வேற. வருஷா வருஷம் அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும்தான் கல்லறைக்குப் பூ கொண்டு போவோம். காப்பி டின்னுக்கு வெள்ளித்தாள் சுத்தி, தண்ணி ஊத்தி, ஹார்லனுக்கு ஒண்ணு, மாமனார் மாமியாருக்கு ஒண்ணு. அவ வண்டி ஓட்டுவா, நான் ரெண்டு டின்னையும் மடியில வெச்சுக்கிட்டு, மெதுவாப் போ மெதுவாப் போன்னு வழி பூரா திட்டுவேன். கண்ணு ஆபரேஷனுக்கப்புறம் நான் வண்டியைத் தொடறதில்ல. இந்த வருஷம் யாரு கூட்டிட்டுப் போவா? அதனாலதான் உன்னை அவசரமாக் கூப்பிட்டேன். எறும்பு அவ வீட்டுலேர்ந்துதான் வருதுன்னு நீ கண்டுபிடிச்சுச் சொன்னியானா, நான் போயி, பாத்தியா நடீன், நான் சொன்னதுதான் சரி, போனாப் போகுது விடுன்னு மன்னிச்சுருவேன். ராசியாயிரலாம். பெரியவ நாந்தானே விட்டுக்குடுக்கணும்.

ஜன்னல்ல என்னப்பா அப்படிப் பாக்கற? ஓ, பியோனி. அழகா இருக்குல்ல? மாமியார் வெச்ச பூச்செடி, கல்லறைக்கு இந்தப் பூதான். இங்க பாரு, அதுல மட்டும் மருந்து கிருந்து அடிச்சுறாதே. அதுல எறும்பு இருக்கணும். எறும்பு நக்கினாத்தான் பியோனி மொக்கு அவிழும், மாமியார் அடிச்சுச் சொல்லுவாங்க. இந்த வருஷம் பாரு, திங்கக்கிழமைக்கு விரியணும், மொக்கெல்லாம் கோலிக்குண்டு மாதிரி நிக்குது, எறும்பும் கம்மி. அதான் தெனம் காலையில கொஞ்சம் சர்க்கரைப் பாகு காச்சி, ஸ்பூனால மொக்கு மேல விடறேன். இப்பப் பாரு, ஜே ஜேன்னு இருக்கு.

எப்போலேர்ந்து விடறேனா? ஒரு மாசம் இருக்கும்.

வீட்டுக்குள்ள எறும்பா? அதுவும்... ஒரு மாசம் இருக்கும். ஏன் கேக்கற?

அதுவா, அது நூலுப்பா. போன வருஷம் ரெண்டு நாள் மழை, பூ பாரம் தாங்காம எல்லாத் தலையும் சேத்துல சாஞ்சிருச்சு. அலசி அலசி எடுத்துட்டுப் போனேன். கல்லறையில வெச்சு நடீன் ஒரு பார்வை பாத்தா, 'எங்கண்ணனுக்கு சேத்துப் பூவா வெல்மா'ன்னா. ஒரு வருஷமா அது என் நெஞ்சுலயே கெடக்கு. அதான் இந்த வருஷம் ஒவ்வொரு தண்டுக்கும் நூல் கட்டி, ஜன்னலை ஒரு விரக்கடை தெறந்து, உள்ள இழுத்து, இந்த அலமாரிக் கைப்பிடியில முடி போட்டிருக்கேன். புயலே அடிச்சாலும் சாயாது.

அலமாரியில என்ன இருந்ததா? சர்க்கரை, தேனு, ஸ்ட்ராபெரி ஜாம்... வழக்கமா இருக்கறதுதான். நூல் மேலயா? இரு, கண்ணாடி எங்க வெச்சேன்...

ஓ.

ஏம்பா, இதுங்க ரெண்டு வரிசையா போகுதுங்க. வர்றதுக்கு ஒண்ணு, போறதுக்கு ஒண்ணு.

சிரிக்காதே. மீசைக்குள்ள சிரிச்சா எனக்குத் தெரியாதா? அந்தப் பூனைத் தட்டைப் பாத்தியா? வரும்போதே பாத்தியா? ஒரு எறும்புகூட இல்லையா? பாத்துட்டா இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டு உக்காந்திருந்த? நல்ல ஆளுப்பா நீ.

எறும்பு இல்லாமலும் பியோனி விரியுமா? யாரு சொன்னா? அப்ப மாமியார்... சரி விடு, அவங்க எத்தனையோ சொன்னாங்க.

கர்ட்டிஸ், ஒண்ணு பண்ணு. நீ எழுதித் தர்ற சீட்டுல எறும்பு கூரையிலேர்ந்து வந்துச்சுன்னு எழுதிரு. கூரை ரெண்டு பேருக்கும் பொது, யார் மேலயும் பழி வராது. என்ன, முடியாதா? பாக்கப் பரம சாதுவா இருக்க, இதுல மட்டும் அரிச்சந்திரனா? சரி, உள்ளதையே எழுது. கொட்டை எழுத்துல எழுது, நடீனும் கண்ணாடியைத் தேடுவா. நான் அவ கதவுக்கடியில தள்ளிட்டு வந்துடறேன். என் வாயால எனக்குச் சொல்ல வராது.

ஆனா ஒண்ணு யோசிச்சேன். அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? ஒண்ணு கர்னல், இல்ல நான்னேன். பன்னெண்டு வருஷம் மடியில வெச்சிருந்த பூனை. அவளுக்கு வேற யாரு இருக்கா? போடீ, நீ கெளம்புடீன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. என்னை எடுத்துக்கிட்டாப்பா. என்னைத்தான் எடுத்துக்கிட்டா. மூணு வாரமா நான் அதை இப்படி நெனச்சே பாக்கல. அவ பொட்டி கட்டறதை ஜன்னல்ல நின்னு பாத்து, ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். வெக்கமா இருக்கு.

சீட்டு வேணாம், கிழிச்சுப் போடு. கத்திரிக்கோல் அந்த டிராயர்ல இருக்கு, எடு. நூலை நானே வெட்டறேன். சாஞ்சா சாயட்டும், அலசி எடுத்துக்கலாம். கத்திரிக்கோல்ப்பா... கர்ட்டிஸ்?

நான் ஜன்னலைப் பாத்துப் பேசிட்டிருக்கறப்பவே போயிட்டான். வண்டியும் கெளம்பிருச்சு. ரூபார்ப் பையைக்கூடத் தொடல பாரு.

...நடீன். நடீன், நாந்தான். கதவைத் தெற. எறும்பு என்னோடதுதான். வண்டிச் சாவியை எடுத்துக்கோ, ஜோலீன் பண்ணைக்குப் போகணும்.